மலை மைலுக்கு நிறுவை வேறு

நாவலப்பிட்டி தொடங்கிப் பதுளை வரை ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் வீட்டாருக்கு,



உங்கள் அப்பாவோ தாத்தாவோ கரி அள்ளிப்போட்ட எஞ்சின் தன் ஆயுளில் மொத்தம் எத்தனை மைல் ஓடியது? கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். நானும் முழிப்பேன். இத்தனைக்கும் அந்தக் கணக்கின் ஒரு துண்டு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் நாலு கொப்பிகளாகக் கிடந்தது. அதில் மூன்றைப் போத்தல் பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டோம்.

என் தாய்மாமன் நாவலப்பிட்டி எஞ்சின் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து பயர்மேனாக ஓய்வு பெற்றவர். லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கோச்சி என்று நாம் சொல்லும் ரயிலில் வேலைக்குப் போன ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் ஒருவர்தான். அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தோம். மேலே ஒரு துணிக்கட்டு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு அவர் எழுதிப்போட்ட விண்ணப்பத்தின் நகல், யார் யாரோ கொடுத்த சாட்சிக் கடிதங்கள், கடைசியில் கிடைத்த சான்றிதழ். மாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி முடிந்து வைத்தார். அடியில் கிடந்த கொப்பிகளை ஒருவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1948இல் ஒரே பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான தோட்டத்துச் சனம் நாம். இந்த மண்ணில் இருக்கலாம் என்று சொல்லும் தாள்தான் நமக்குத் தாள். மற்றதெல்லாம் கடலை சுற்றவோ அடுப்புப் பற்றவைக்கவோதான்.

நாலாவது கொப்பி தப்பியதற்கும் நாங்கள் காரணமில்லை. அதன் பின்பக்கங்களில் மாமி கடைக் கணக்கு எழுதி வைத்திருந்தார். பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய். அந்தக் கடன் தீரும்வரை கொப்பி இருக்கவேண்டியிருந்தது, இருந்துவிட்டது.

இப்போது என் மேசையில் இருக்கிறது. நீல அட்டை, ஒற்றைக் கோடு போட்ட தாள், பென்சிலால் இழுத்த பத்திகள். தேதி, எஞ்சின் இலக்கம், எங்கிருந்து எங்கே, ஏறிய நேரம், இறங்கிய நேரம், மைல். ஓரத்தில் சின்னதாகக் குறிப்பு. ஒரு நாள் குறிப்பு இது: 'மழை. மணல் முடிந்தது. ரொசல்லைக்குக் கீழே இருபது நிமிஷம்.' அதே பக்கத்தின் மூலையில் பெருவிரல் ரேகை, கரியில் பதிந்தது. கழுவிய கையோடு எழுத உட்கார்ந்தும் நகக்கண்ணில் இருந்த கரி போகவில்லை போலும்.

நான் நாற்பது வருஷம் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன். அந்த 'மைல்' பத்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நீராவி எஞ்சினுக்கு, பஸ்ஸுக்கு இருப்பதுபோல ஓடிய தூரம் காட்டும் மீட்டர் பொதுவாகக் கிடையாது. டிரைவர் எழுதிக் கொடுக்கும் அன்றாடச் சீட்டை வைத்து, எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை என்று பார்த்து, அட்டவணைத் தூரத்தை எடுத்து ஒரு குமாஸ்தா எஞ்சினின் பெயரில் பற்று எழுதுவார். யார்டில் பெட்டி கோத்துத் திரியும் நேரத்துக்கு மணிக்கு இத்தனை மைல் என்று ஒரு மதிப்பு வைத்துக்கொள்வார்கள். ஆக, எஞ்சினின் ஆயுள் மைல் என்பது இரும்பில் பதிந்த கணக்கு அல்ல. தோட்டத்தில் வேலைக்கு வந்தவர் பேர் பதியும் செக்ரோல் மாதிரி, பேர் போட்டால்தான் உண்டு.

நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் நடுவே உள்ள ரொசல்லை பற்றி மாமா எழுதிய அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் தண்டவாளம் வழுக்குகிறது. சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவித்தான் பிடி கொடுக்கவேண்டும். மணல் தீர்ந்துபோனால் சக்கரம் நின்ற இடத்திலேயே கரகரவென்று சுழலும். நெருப்பு இழுத்துக்கொண்டு போகும், தண்ணீர் குறையும், பயர்மேனின் முதுகு முறியும். இருபது நிமிஷம் அப்படிச் சுழன்றதற்கு மைல் பத்தியில் சைபர். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் 21 மைல் என்றால் 21 மைல்தான். மீட்டர் ஒன்று பொருத்தியிருந்தால் நம் மலை எஞ்சின்கள் பாதை நீளத்தைவிடக் கூடுதலாக ஓடியதாகக் காட்டியிருக்கும்.

இனி உலகக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1882இல் செய்த ஓர் எஞ்சினுக்குச் சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்று எழுத்தாளரின் பெயரையே வைத்தார்கள். மான்செஸ்டரிலிருந்து லண்டன் போய்த் திரும்புவது அதன் அன்றாட வேலை, 366 மைல். பத்து வருஷம் நிறையுமுன்னே பத்து லட்சம் மைல், 1902இல் இருபது லட்சம். 1907இல் வந்த லோட் ஸ்டார் 1951இல் ஓய்வு பெற்றபோது அதன் கணக்கு 20,05,898 மைல். கடைசி எட்டு மைல் வரை எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மனும் இருபது லட்சத்தைத் தாண்டியதுதான். இந்த எண்களைச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் பெருமைப்படுகிறார்கள். படட்டும். ஏடு வைத்திருந்தவன் பெருமைப்படுகிறான், எடைக்குப் போட்டவன் மடல் எழுதுகிறான்.

எனக்குப் பொறாமை அந்த இருபது லட்சத்தின் மீது இல்லை. அந்தக் கடைசி எட்டு மைலின் மீதுதான்.

மைலுக்கு மைல் வைத்துப் பார்த்தால் நம் எஞ்சின்கள் தோற்றுத்தான் போகும். நம் பாதை அப்படி. 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த தண்டவாளம் ஹட்டனைத் தொட்டு நானுஓயா சேர 1885 ஆனது. கோப்பிக்காகக் கனவு கண்ட பாதை, மலை ஏறி முடிப்பதற்குள் கோப்பியை நோய் தின்றுவிட்டது, வந்து சேர்ந்தபோது ஏற்றக் காத்திருந்தது தேயிலை. பட்டிப்பொலையைத் தாண்டியதும் வரும் உச்சி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீட்டர். அங்கே போய்ச் சேர 44 அடிக்கு ஓர் அடி என்று ஏறவேண்டும். வளைவுகளோ சில இடங்களில் 5 சங்கிலி ஆரம், அதாவது 100 மீட்டர். அதுவும் ஐந்தரை அடி அகலப் பாதையில். கடைசிப் பெட்டியில் இருப்பவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் எஞ்சின் தனக்கு எதிரே வருவதுபோலத் தெரியும்.

ஒரு தொன் பாரத்தைச் சமதளத் தண்டவாளத்தில் மெதுவாக இழுக்க நாலைந்து கிலோ விசை போதும். 44க்கு 1 ஏற்றத்தில் அதற்கு மேலே இன்னும் 23 கிலோ வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஐந்தாறு மடங்கு. வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தோடு உரசும் உரசல் தனி. எஞ்சின் சக்கரத்துக்கும் ஒரு டயர் உண்டு, எஃகு டயர். கடைச்சல் இயந்திரத்தில் வைத்துச் சீவவேண்டிய நாள் மலையில் சீக்கிரம் வந்துவிடும். இறங்கும்போது பிரேக் கட்டைகள் தேயும். மைல் ஏறாது, தேய்மானம் ஏறும்.

சரிவு மலையில் கொழுந்து பறித்த பெண்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. ரோட்டோரத்து மட்டமான மலையில் பறித்தாலும், பாறை இடுக்கில் கால் வைத்துப் பறித்தாலும், தராசுக்கு எல்லாம் ஒரே கிலோதான். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைச் சம்பளம். ஏறி இறங்கியதற்குத் தராசில் தட்டு கிடையாது. மலை எஞ்சினுக்கும் வாழ்நாள் முழுக்க அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இது கற்பனை எஞ்சின், ஆனால் தூரமும் உயரமும் நிஜம். நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா சுமார் 41 மைல். ஒரு நாளைக்கு ஒரு தடவை போய்த் திரும்பினால் 82. வருஷத்தில் 250 நாள் ஓடுகிறது, மிச்ச நாள் கழுவலும் பழுதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷத்தில் 8,20,000 மைல். சார்ள்ஸ் டிக்கன்ஸ் பத்து வருஷத்துக்குள் ஓடியது பத்து லட்சம்.

இப்போது வேறு பத்தியைக் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே ஏறுகிறது. பத்தாயிரம் தடவை. பத்தாயிரம் கிலோமீட்டர் செங்குத்தாக! பூமியைக் குறுக்கே துளைத்தால் 12,700 கிலோமீட்டர் சொச்சம்தான். ஹட்டனைத் தாண்டித் தலவாக்கலைக்கு இறங்கி மறுபடி ஏறுவதை நான் சேர்க்கவே இல்லை. பாரம் இழுத்துக்கொண்டு இத்தனை உயரம் ஏறிய எஞ்சினை மைலால் மட்டும் அளந்து இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தால், அது அளவுகோலின் குற்றம்.

மான்செஸ்டரில் பேயர் பீக்கொக் கம்பனி நமக்காகக் கட்டிய கரட் எஞ்சின்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1927இல் ஒன்று வந்தது, 1945இல் எட்டு. நடுவில் ஒரே பெரிய பொயிலர், அதன் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு எஞ்சின் வண்டிகள். இரண்டும் தனித்தனியே திரும்பும், அதனால் நீளமாக இருந்தும் வளைவில் மடங்கிப் போகும். மாமாவுக்கு அதன் மேல் மரியாதையும் கோபமும் ஒன்றாக இருந்தன. "இழுக்கிறது ரெண்டு எஞ்சின், தீனி போடுறது ஒரு பயர்மேன், மருமகனே" என்பார். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகை இறங்கும்போது, நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் குந்திவிடுவார்களாம். வெளிச்சம் வந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன சின்னப் பாதையை இப்போது யார் நினைக்கிறார்கள்? 1903-04இல் திறந்தார்கள். இரண்டரை அடி அகலம், 24 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1940களோடு அதன் கதை முடிந்தது. முழுப் பாதையும் இருபது மைலுக்குள்தான். அதில் ஓடிய எஞ்சின் ஏழு பிறவி எடுத்தாலும் இருபது லட்சம் மைலைக் கண்டிருக்காது.

'எஞ்சினின் ஆயுள் மைல்' என்கிறோமே, அந்த எஞ்சின் எது என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய பழுதுக்கு இரத்மலானை ரயில்வே பட்டறைக்குப் போகும் எஞ்சினின் பொயிலரைக் கழற்றி வேறொன்றைப் பூட்டி அனுப்பலாம். டியூப் மாறும், டயர் மாறும், சிலிண்டர்கூட மாறும். திரும்பி வருவதில் பழசு எவ்வளவு? சிலர் இதைக் காட்டி, ஆயுள் மைல் என்பதே பொய்க்கணக்கு என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கவ்வாத்து வெட்டின செடியைப் பார்த்தவர்கள் நாம். மொட்டையாக நிற்கும், பிறகு வாது எல்லாம் புதிதாக வரும். பறிக்கிற கொழுந்து போன கிழமை துளிர்த்தது, செடி பாட்டன் நட்டது. அதை நாம் புதுச் செடி என்பதில்லை. எஞ்சினும் அப்படித்தான் என்பது என் தீர்ப்பு. அடிச்சட்டமும் இலக்கமும் இருக்கும்வரை மைல் அதற்கே சேரும்.

பிறகு டீசல் வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எஞ்சின்கள் 1954இல் வந்து இறங்கின. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ, கியூபெக் என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்களைச் சுமந்துகொண்டு நம் மலையில் ஏறின. அவற்றின் உழைப்பையும் சும்மா சொல்லக்கூடாது, அரை நூற்றாண்டு கடந்தும் ஓடியவை அவை. ரயில்வேயின் முதல் இலங்கைப் பிரதம இயந்திரப் பொறியியலாளராக இருந்து, 1955இல் பொது முகாமையாளரான பி. டி. ரம்பலாவின் காலத்தில் டீசல் வேரூன்றியது. மலைப் பாதை ரயிலுக்கு உடரட மெனிக்கே என்ற பெயரும் அவர் காலத்து வரவுதான். நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்துப் பாதைக்கு ஒதுங்கின, இரும்பு விலைக்குப் போயின. மிஞ்சிய ஓரிரண்டைத் தட்டி எடுத்து 1986 முதல் வைஸ்ரோய் விசேட வண்டி என்று வெளிநாட்டவருக்கு ஓட்டினார்கள். ஆளுநர் சர் தோமஸ் மெயிட்லண்டின் பெயர் தாங்கிய 251ஆம் இலக்க எஞ்சின் அதில் ஒன்று.

ஆளுநர்களின் பெயர் எஞ்சினில் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. ஓட்டியவர், கரி போட்டவர், சாம்பல் வாரியவர் பெயர் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டுக் கொப்பியில் இருக்கலாம். டிரைவர்களில் பறங்கியர் இருந்தார்கள், சிங்களவர் இருந்தார்கள், யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். பாதையில் கல் இடித்துப் போட்ட கேங்கில் நம்மவர் நிறையவே இருந்தார்கள். ஒரே பக்கத்தில் இத்தனை பேரும் வருவார்கள். மாமாவின் கொப்பியில் டிரைவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன அடையாளம் போட்டிருக்கிறார், புள்ளி சிலருக்கு, கோடு சிலருக்கு. திட்டுகிறவர், திட்டாதவர் என்று நான் ஊகிக்கிறேன்.

அந்தப் பெயர்கள் வீட்டுக் கொப்பிகளில்தான் இருக்கக்கூடும் என்பதால் இந்த மடலைக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார் வழியாகக் கப்பலேறிக் கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய வீடுகளே, உங்கள் தகரப்பெட்டிகளும் இங்கிருந்து போனவைதான். நீங்கள் ஏறிப்போன கோச்சியை இங்கே ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொன்னோம். அந்தப் பெட்டிகளின் அடியில் பாஸ்போட்டுக்குக் கீழே ஒரு கொப்பியும் போயிருக்கக்கூடும். பல்சக்கரம் பூட்டிய நீலகிரி மலை ரயிலைப் பார்க்கும்போதாவது அதைத் தேடத் தோன்றட்டும்.

கேட்பது பெரிய காரியமில்லை. கொப்பியோ, சம்பளச் சீட்டோ, எஞ்சினுக்கு முன்னால் நின்று எடுத்த படமோ, எது கிடைத்தாலும் முதலில் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். தேதி, எஞ்சின் இலக்கம், எங்கிருந்து எங்கே, மைல், இந்த நாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிழையாக எழுதியிருந்தாலும் திருத்தாதீர்கள். கரிக்கறையைத் துடைக்காதீர்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, சுருக்கெழுத்துக்கும் அடையாளங்களுக்கும் பொருள் கேட்டு வேறு தாளில் எழுதி வையுங்கள். மூலத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். நகல் ஒன்றை உங்கள் ஊர்ப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, போகிற வழிதான், அங்கேயும் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

நாலு வீட்டுக் கொப்பிகள் சேர்ந்தால் ஓர் எஞ்சினின் ஒரு வருஷத்தைக் கூட்டிவிடலாம். நாற்பது வீடு சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை இந்தக் கணக்கு வாத்தியார் சொல்லத் தேவையில்லை. கூட்டும் வேலையை நான் செய்கிறேன், கண் தெரிகிறவரை.

வட்டவளைப் பக்கம் மழை வருஷத்துக்கு ஐயாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். ஈரம் தகரப்பெட்டிக்குள்ளும் போகும், பென்சில் எழுத்தையும் தாளையும் ஒன்றாகத் தின்னும். மே கடைசியில் தென்மேல் மழை பிடித்துக்கொள்ளுமுன் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்று கொப்பிகளை விற்ற வீட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியன்,
ஹட்டன்.